குடும்பப் பெயர்

காலி வீதி. பஸ்ஸுக்குள் தொங்கியபடி நிற்கிறேன்.
வங்கியின் செயலி சொல்கிறது:
முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்.
இடப்பக்கம் திரும்புங்கள். கண் சிமிட்டுங்கள்.
சிமிட்டுகிறேன்.
வெளிச்சம் போதாதாம்.

தெஹிவளைப் பாலத்தில் அப்பாவுக்கு
வெளிச்சம் போதுமானதாய் இருந்தது.
டோர்ச்சை முகத்துக்கு நேரே பிடித்து
அடையாள அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து,
மறுபடி அட்டையைப் பார்த்து
இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதியான பிறகே
ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எங்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது.
கனகேஸ்வரன் மகள் மதுரவாணி, அவ்வளவுதான்.
கட்டத்தை வெறுமையாய் விட்டால்
அடுத்த பக்கம் திறக்காது அக்கா என்றான்
பம்பலப்பிட்டிக் கிளையில் இருந்த பொடியன்.
பின்னால் வரிசை நீளம்.
அப்பாவைத் தூக்கி அதற்குள் போட்டேன்.

அன்றிலிருந்து
கரண்ட் பில் கட்டினாலும்
கால் கிலோ இறால் வாங்கினாலும்
செய்தி அவருக்குத்தான் வருகிறது:
அன்புள்ள கனகேஸ்வரன்,
உங்கள் இரகசிய இலக்கம் 407712.
இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

பத்தொன்பது வருடமாய்
அவர் ஒருவருக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

பெயரை மாற்றலாம், மிஸ்.
ஆனால் அவர் இருக்கிறாரா இல்லையா என்று
ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள்.
அந்தக் கடிதத்தைத்தான் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறா,
எத்தனையோ கந்தோர்களில்.
மாற்றவில்லை.

பஸ் பாலத்தில் ஏறுகிறது.
கடற்பக்கத்து வெயில் ஜன்னலால் வந்து
சரியாக என் முகத்தில் விழ,
பச்சை வட்டம்.
உறுதிப்படுத்தப்பட்டது.
நல்வரவு, கனகேஸ்வரன்.

மிச்சக் காசை இன்னும் தரவில்லை கண்டக்டர்.