ஐநூற்று ஒன்றாம் இடம்

டர்பனில் மின்சாரம் போன இரவு.
ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது.
இருமி என்று எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன்.

திரையில் முப்பதாயிரத்துக்குச் சற்றே குறைந்த எழுத்துகள்,
நாலே நாலுதான், மாறி மாறி.
ஓரிடத்தில் ஏ இருக்க வேண்டும்.
டி இருக்கிறது.
கருவி தப்பாகப் படித்திருக்கும் என்றேன்.
நொகுபோங்கா அடுத்த மாதிரியைத் திறந்தாள். டி.
அதற்கடுத்தது. டி.
பதினான்குக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு
பையிலிருந்து லிச்சிப் பழம் ஒன்றை எடுத்து உரித்தாள்.
இங்கே தின்னக் கூடாது என்று நினைவு வந்து
உரித்த பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

எழுத்து ஒன்று மாறினால் அமினோ அமிலம் ஒன்று மாறும்.
கூர்முனையின் ஐநூற்று ஒன்றாம் இடத்தில்
அஸ்பராஜின் எழுந்து போய்
டைரோசின் உட்கார்ந்திருக்கிறது.
டைரோசினுக்கு ஒரு வளையம் உண்டு.
நம் செல்லின் மேலிருக்கும் ஏற்பியிலும்
ஒரு டைரோசின், ஒரு வளையம்.
வளையத்தை ஒட்டி வளையம்.
முன்பைவிட இறுக்கம்.

நானூற்றுப் பதினேழில் வேறு கதை.
ஏற்பிக்கு ஓர் உப்புப் பாலம் போட்டிருந்த லைசின்
அங்கே இல்லை; வந்திருப்பது அஸ்பராஜின்,
ஐநூற்றொன்றில் வேலை போன அதே ஆள்.
வெளியேறிய லைசினைத் தேடினால்
நானூற்று எண்பத்து நான்கில் இருக்கிறது.
இசை நாற்காலி.
பாட்டை நிறுத்துகிறவர் யாருமில்லை.

பாலத்தை ஏன் அறுத்துக்கொண்டது, பிடி தளருமே
என்றாள் நொகுபோங்கா.
தளரும்.
ஆனால் போன அலையில் பிழைத்தவர்களின் எதிர்ப்பொருள்கள்
மனப்பாடம் செய்துவைத்த முகம் அது.
பிடியில் கொஞ்சம் விட்டு, முகத்தை மாற்றி,
விட்டதை ஐநூற்றொன்றில் ஈடுகட்டி...
சாமர்த்தியம் என்று சொல்ல வந்து நிறுத்தினேன்.

என் வீட்டு ஜன்னல்களைக் குரங்குகள்
ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும்.
அவற்றுக்காவது ரொட்டி வேண்டும்.
இதற்கு எதுவும் வேண்டாம். பிரதியெடுத்ததில் பிழை,
பிழைகளில் ஒட்டாதவை நம் கண்ணுக்கே வராமல் போயின.
கதவு என்கிறோமே, அதுவும் கதவில்லை.
ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வைத்த சின்ன வேலையாள்.
யாருக்கும் திறந்துவிடுவது அதன் வேலை அல்ல.

என்னுடையது சனிக்கிழமைப் பள்ளித் தமிழ்.
இந்தப் பிடிமானத்துக்கு எனக்கு வரும் சொல் பற்று.
முதலெழுத்தை மாற்றினால் தொற்று.
கூட்டமான மினிபஸ் வாசலில் தொங்கிப் போவதற்கும்
அந்தச் சொல்தான்.

இரண்டு மணிக்குக் கோகிலம் செய்தி அனுப்பினாள்.
சாக்ரன் ஆஸ்பத்திரியில் நான்காம் நாள்.
மூக்குக் கண்ணாடி ஆம்புலன்ஸில் தொலைந்துவிட்டதாம்,
அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.
நாங்கள் பிரிந்து பதினோரு வருடம்.
அவன் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை.

மாதிரிகளில் பெயர் இருக்காது. பட்டைக்கோடு இருக்கும்,
வட்டாரம் இருக்கும்.
சாட்ஸ்வர்த் என்று ஏழு.
ஏழையும் ஒன்றுபோலத்தான் ஓட்டினேன்.
மூன்றாவதில் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்,
காரணம் இல்லை.
அதிலும் டி.

விடியலில் ஊரடங்குச் சீட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவிட்டு
மூடிய கடற்கரை வழியாக ஓட்டிவந்தேன்.
அலைகளைப் பார்க்க ஒருவருமில்லை, ஒரு போலீஸ்காரரைத் தவிர.
அவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கடை எட்டு மணிக்குத் திறக்கும்,
பவர் என்ன என்று கோகிலத்தைக் கேட்டேன்.
தெரியாது, அவனால் பேச முடியவில்லை என்றாள்.

வலது மைனஸ் மூன்றே கால்.
இடது மூன்றரை.
கேட்டிருக்கவே வேண்டாம்.