சொன்னபடி எழுதியவர்

கண் மூடினார் என்று
வாரப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தேன்.
ஆர்டித் கோல்டர்மன், தொண்ணூற்றேழு, வெஸ்பர், நெப்ராஸ்கா.
பிறந்தது தீவனக் கடையின் மாடியில்.
போனது அங்கிருந்து நானூறு அடி தள்ளி.
இடையில் மூன்று வீடுகள்,
மூன்றும் டிப்போ தெருவில்.
ஒருமுறை டென்வரில் தங்கையோடு
பதினோரு நாள் இருந்துவிட்டு வரப் போனவர்
ஒன்பதாம் நாளே பேருந்திலிருந்து இறங்கினார்.
“அங்கே எனக்கு யாரையும் தெரியாது, அது பரவாயில்லை.
அங்கே யாருக்குமே யாரையும் தெரியவில்லை.”

மெர்ல் என்று ஒரு கணவர், ஆறு வருடம்.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

நாற்பத்து நான்கு வருடம்
நீதிமன்றக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில்
லைசென்ஸ் கவுண்டர் அவருடையது.
உயரம் கேட்பார். எடை கேட்பார்.
சொன்னதைச் சொன்னபடி எழுதுவார்.
வெஸ்பரின் பெண்கள் எல்லோரும் நூற்று முப்பது பவுண்டு,
ஆண்கள் ஒருவர் விடாமல் ஆறடி.
லைல் பிராண்ட்வோல்ட்
பந்தயத்துக்காகத் தானியக் கிடங்கின் லாரித் தராசில் ஏறி
ஊரே பார்க்க முந்நூற்றிருபது காட்டிய அதே வாரம்
கவுண்டரில் வந்து இருநூறு என்றான்.
பேனா நிற்கவில்லை.

கண்ணின் நிறத்தை மட்டும் கேட்க மாட்டார்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலே
ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.
நீலம். பழுப்பு. மறுபடி நீலம்.
ட்வைட் சிட்லரின் வலது கண் கொரியாவில் போனது,
அங்கே பொருத்தியது வெறும் கண்ணாடி.
இரண்டும் பச்சை என்றே எழுதினார்.

எண்பத்தொன்பது வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தார்.
அந்த நாற்காலியில் அப்போது நான்.
அவர் தைத்த மெத்தை என் அடியில்,
அவர் மாட்டிய எழுத்துப் பலகை சுவரில்.
கடைசி வரிவரை சொன்னார்,
அதற்கும் கீழே பொடியாக இருந்த
அச்சகத்தின் பெயரையும் சேர்த்து.
வலமிருந்து இடமாக என்றேன்.
பிசகாமல் வந்தது.
மனப்பாடம் என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.
தேர்ச்சி என்று முத்திரை குத்தினேன்,
யார் கேட்டாலும் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

கதவருகே கோட் மாட்டும் கம்பம்,
அதன்மேல் யாரோ மறந்துபோன தொப்பி.
“குட்மார்னிங், ஹார்லன்” என்றார் அதனிடம்.
பதில் வரட்டும் என்று நின்றார்.
நான் தலை குனிந்து
இல்லாத காகிதங்களை அடுக்கினேன்.
கொஞ்ச நேரம்.
பிறகு கைப்பை திறக்கும் சத்தம்,
கவுண்டரில் அட்டை விழும் சத்தம்.
“மூலையை வெட்டிக் கொடு. அதுதானே விதி.”
கத்தரிக்கோலும் அவர் காலத்துடையது, மழுங்கல்.
இரண்டாம் முறைதான் வெட்டிற்று.

அப்புறம் எட்டு வருடம்
ஊர் முறை வைத்து அவரை ஏற்றிக்கொண்டு போனது,
மருந்துக்கடைக்கு, ஞாயிறு ஆராதனைக்கு,
யாரும் பெரிதாக ரசிக்காத கூடைப்பந்துக்கு.
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி
இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதிப்பார்.

கண் மூடினார் என்று எழுதி முடித்த பிறகுதான்
எனக்கு உறைத்தது:
என்ன நிறம் அது?
மூலை போன அட்டையில் சாம்பல் என்றிருந்தது,
அவருடைய சாய்ந்த கையெழுத்திலேயே.
எதிரே யாரும் இல்லாத ஒரு நேரத்தில்
ஜன்னலில் பார்த்துத்தான் எழுதியிருப்பார்.

மார்ச் மாதம், மண் இன்னும் இளகவில்லை.
தேவாலயத்தின் கீழ் அறையில்
ஹாம் வைத்த பன், கேரட் துருவிய ஆரஞ்சு ஜெல்லி,
காபி மட்டும் தண்ணீர்.
பெட்டியைத் தூக்கிய அறுவரில்
லைலின் மகனும் இருந்தான், அப்பாவின் அதே உடம்பு.
மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவனிடம்
பனியைத் தட்டிக்கொண்டே யாரோ கேட்டார்கள்,
கனமா என்று.
பன்னை மென்று விழுங்கிவிட்டு,
முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல்,
“நூற்று முப்பது” என்றான்.