தெரியல

இரண்டு வருசமாய்ப் பனியைத்தான் குறை சொன்னேன்.
பிறகு தராசுக்குப் பேட்டரி இறங்கிவிட்டது என்றேன்.
பிறகு, ஆபீசில் மலிவு மையில் கார்டு அடிக்கிறார்கள் என்று
கிளாக்கரிடமே சண்டைக்குப் போனேன்.
அவர் கார்டை வாங்கிக் கையை நீட்டித்
தூரமாய்ப் பிடித்து வாசித்தார்.
அவருக்கும் நாற்பத்தாறு.

ஏழாம் நம்பர் மலையில், சாயந்தர நிறுவையில்,
சவரிநாயகியின் பதினெட்டைப் பதின்மூன்று என்று எழுதினேன்.
பதினெட்டு என்றால் முழுப்பேர்.
பதின்மூன்று அரைப்பேர்.
தராசின் எட்டுக்கும் மூன்றுக்கும்
இடப்பக்கம் இரண்டு சிவப்புக் கோடுதான் வித்தியாசம்;
அரைநாள் சம்பளம் அதற்குள் இருந்தது.
அவள் கத்தவில்லை. கொழுந்தைக் கொட்டியபடி
"ஒங்களுக்குக் கண்ணு தெரியல, கணக்கப்பிள்ளையக்கா" என்றாள்,
மழை வருது என்பதுபோல.

ஞாயிறு ஹட்டனுக்கு இறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் பரிசோதனை இலவசம்.
உள்ளே ஏசி. ஹட்டனில், மார்கழியில், ஏசி.
வெள்ளைக் கோட்டுப் பையன் சுவரில் வெளிச்சம் போட்டான்.
முழுக்கச் சிங்கள எழுத்து.
பேசுவேன், சாமான் வாங்குவேன், தொரையிடம் லீவு கேட்பேன்,
வாசிக்க மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.
"தெரியல" என்றேன்.
ஒரு வில்லையை மாட்டினான். "இப்ப?"
"தெரியல."
இன்னும் தடிப்பாய் ஒன்று.
பலாச்சுளை அடுக்கியதுபோல
அத்தனையும் துல்லியமாய் வந்து நின்றன.
"தெரியுது. ஆனா தெரியல."
பையன் தாளில் என்னமோ கிறுக்கினான்.
முப்பத்தெட்டாயிரம், தவணையில் கட்டலாம்,
கிட்டவும் தூரமும் ஒரே கண்ணாடியில்,
நடுவில் கோடே தெரியாது என்றான்.
அந்தத் தெரியாது வேறு.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள்.
புதன்கிழமை, விடிய நாலரைக்கு நம்பர்.
ஒரு பேர் போகும்.
பங்குனியில் எடுத்த நம்பர் இன்னும் பர்சில் கிடக்கிறது;
டாக்டர் மாற்றலாகிப் போனார்.

அடகுக்கடை மாடியில் இன்னொன்று.
ஏறுகிற படியில் லைட் இல்லை.
ரிஸ்மியா என்று பேர், என் வயதிருக்கும்,
அவருடைய கண்ணாடிக் காம்பில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது.
முதலில் கண்ணைப் பார்க்கவேயில்லை.
"ரோட்டுல இருந்து வீட்டுக்கு எத்தன படி?"
லயம் வரைக்கும் நூற்றிப் பன்னிரண்டு.
"தண்ணிப் பீலிக்கு?"
அது படியில்லை, சறுக்கல்.
"மலையில எறங்கும்போது எங்க பார்ப்பீங்க?"
காலைத்தான். அட்டையும் பார்க்கணுமே.
"அப்ப ரெண்டும் ஒண்ணான கண்ணாடி வேணாம்.
குனிஞ்சு பார்த்தா படி மிதக்கும்.
அப்பிடி விழுந்தவங்க ரெண்டு பேரு
கட்டோட ஏறி வந்தாங்க, இந்தப் படியில."

எழுத்துச் சட்டம் அங்கேயும் இருந்தது, தமிழில்.
கடைசி வரியில் ஒரு ற, ஒரு ழ.
ழவின் சுழி பிரியும்வரை வில்லை மாற்றினார்.
கிட்டப் பார்க்க மட்டும் ஒன்று,
கழுத்தில் தொங்கவிடக் கயிறு,
நாலாயிரத்து இருநூறு.
நான் பேரம் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

அடுத்த நிறுவையில் கண்ணாடியை மாட்டினேன்,
வெள்ளையாய் மூடிக்கொண்டது.
சேலைத் தலைப்பால் துடைத்தேன். இந்த முறை பனியேதான்.
சவரிநாயகி பத்தொன்பதரை.
"பாலர் பள்ளி டீச்சர் மாதிரி இருக்கீங்க" என்றாள்.
பாராட்டா என்று கேட்கவில்லை.

இரவு, பிள்ளைகள் படுத்தபிறகு,
பழைய கொப்பியை எடுத்தேன்.
ஐப்பசி, கார்த்திகை. பதின்மூன்றுகளை எண்ணினேன்:
இருபத்தேழு.
எது தராசு காட்டிய மூன்று, எது நான் கண்ட மூன்று?
பவர் ஒன்றே முக்கால்.
ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிவாய் இருக்கிறது,
என் கையெழுத்து.

காலையில் பிரட்டுக்கு முன்
கிளாக்கரிடம் கொண்டுபோவேன்.
கொப்பியை வாங்கி அவர் கையை நீட்டுவார்.
கயிற்றோடு கழற்றிக் கொடுப்பேன்.