பசை

ஹேர் டிரையர் வாங்கி வந்த அன்றுதான்
தாம்வே முழுக்கக் கரண்ட் போயிற்று.
ப்ளக்கில் செருகி, விசையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு
டூல் பெட்டிமேல் வைத்தேன்.
சித்திரை வெயில் இருக்கிறதே,
அதற்கு மீட்டர் கிடையாது.
நானும் ஆரோக்கியமும் வண்டியைத் தள்ளி
அதன் முதுகைச் சூரியனுக்குக் காட்டி நிறுத்தினோம்.
கண்ணாடிகளை ஏற்றி மூடி அரை மணி.
பிறகு கதவைத் திறந்தால்
எந்த ஊரிலோ யாரோ புகைத்த சிகரெட்
சூடாக முகத்தில் அடித்தது.

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த ப்ரோபாக்ஸ்.
பின்பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் மஞ்சள் சதுரம்,
அதற்குள் ஒற்றைப் பல் காட்டிச் சிரிக்கும் பிள்ளை,
கீழே எனக்குத் தெரியாத எழுத்து.
தமிழில் கையெழுத்துப் போடுவேன்,
பர்மியில் கடன் கேட்பேன்,
ஜப்பானியில் சுரண்டத்தான் தெரியும்.

பிளேடு ஆகாது.
தின்னர் ஆகவே ஆகாது.
போன மாதம் ஆரோக்கியம் அவசரப்பட்டு
ஒரு பம்பரில் தின்னரை ஊற்றித் தேய்க்க
தேமல் பூத்து நின்றது பிளாஸ்டிக்.
கோ ஞீ லின் திட்டவில்லை.
சிரித்துக்கொண்டே சம்பளத்தில் பிடித்தார்.

எனக்கு வேண்டியது
காலியான ஒரு ரீசார்ஜ் அட்டை,
கடலை எண்ணெய், கிழிந்த லுங்கித் துணி,
பாத்திரம் விளக்கும் சோப்பு.
பம்பருக்கு அடியில்
யாரும் குனிந்து பாராத மூலையில்
முதலில் ஒரு சொட்டு வைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
நிறம் கையோடு வரவில்லை. சரி.
ஓரத்தை அட்டையால் கிளப்பி,
மேலே இழுக்காமல் பின்பக்கமாக மடித்து,
தூங்குகிற பிள்ளையின் கைக்குள்ளிருந்து
பொம்மையை உருவுவதுபோல.
பல் கடைசியாக வந்தது.

சொரசொரப்புப் பிளாஸ்டிக், குழிக்குக் குழி பசை.
எண்ணெய் தடவி ஊறவிட்டு
டீக்கடைக்குப் போய் வந்து
பழைய பல்துலக்கியால் வட்டம் வட்டமாக,
அழுத்தாமல்.
பிறகு சோப்புத் தண்ணீர். பிறகு மறுபடியும் எண்ணெய்.

உள்ளே, பின்சீட்டுக் கதவின் கீழ்ப்பாதியில்தான்
அவை இருந்தன.
பெரியவர் கண் போகாத உயரம்.
விரல்நகம் அளவு வெள்ளி நட்சத்திரங்கள், ஏழு.
அடியில் உள்ளவை வெளுத்திருந்தன,
ஒரு சாண் மேலே உள்ளவை மின்னின.
நடுவில் ஒரு ரோபோ, தலைகீழாக.
ஏழாவதற்கு மேல் ஒன்றுமில்லை.
கால் நீண்டு முன்சீட்டுக்குப் போயிருக்கும் பிள்ளை.
இல்லையென்றால் வண்டியை விற்றிருப்பார்கள்.
இல்லையென்றால்
வேண்டாம், துணி எங்கே?

“படிக்காதே, தேய்” என்றார் கோ ஞீ லின்.
தேய்த்தேன்.

நாலு மணிக்குத் தெருவே கத்தியது:
மீ லா பீ! மீ லா பீ!
கரண்ட் வந்துவிட்டது.
நான் அணைக்க மறந்த ஹேர் டிரையர்
டூல் பெட்டிமேல் தானாக விழித்து அலறி,
தனக்கா பூசிய ஆரோக்கியத்தின் கன்னத்தில்
காலையில் ஊத வேண்டிய சூட்டையெல்லாம் ஊதியது.

வாங்க வந்த தோ எய் சான்
பம்பரைத் தடவினாள்.
வெளுத்த சாம்பல் நடுவே
ஒரு சதுரம் மட்டும் கன்னங்கரேலென்று.
“இங்கே ஒட்டுப் போட்டிருக்கிறீர்களா?”
இல்லை அம்மா, அதுதான் வண்டியின் நிறம்.
மற்றதெல்லாம் வெயில்.
அவள் நம்பினாள். இருந்தாலும்
அந்தச் சதுரத்துக்கென்று தனியாக விலை குறைத்தாள்.
கோ ஞீ லின் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

இரவு குளிக்கும்போது
முழங்கைக்குக் கீழே ஒரு வெள்ளி நட்சத்திரம்.
ஏழில் எது என்று தெரியவில்லை.
சோப்புப் போட்டேன், நகத்தால் கீறினேன்,
மயிரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது.
எண்ணெய் போட்டால் வந்துவிடும்.
எண்ணெய் விற்கிற விலையில்
நாளைக்குப் பார்க்கலாம்.