சந்திப் பிழை

ஒற்றைப் பத்தித் தலைப்புக்கு ஏழெழுத்துதான் கொள்ளும்.
கருத்து வேறுபாடு என்றால் அடுத்த வரிக்கு வழியும்,
அதிகாரப் போட்டி என்றால் வழக்குப் போடுவார்கள்.
உட்பூசல்:
ஐந்தெழுத்து, அடக்கம், யாருடைய பெயரும் இல்லை.
பதினாறு வருடமாக இதை
மற்றவர்களின் கட்சிகளுக்கு அளந்து கொடுக்கிறேன்,
கிராண்ட்பாஸ் அச்சகத்தின் இரண்டாம் மாடியிலிருந்து.

என் மேசையில் அட்டை போன அகராதி ஒன்று.
பூசல், போர் என்றது. ஆரவாரம் என்றது.
செத்தவீட்டு அழுகை என்றது.
பலரும் அறிதல் என்றும் ஒரு பொருள்.
அப்படியென்றால் முன்னால் ‘உள்’ வந்தால்,
ஊரறிய, யாருக்கும் கேட்காமல் அழுவதா?
சிரித்துவிட்டு மூடினேன். அது மாசி மாதம்.

ஆனியில் எங்கள் நலன்புரிச் சங்கம் உடைந்தது.
காரணம் கேட்காதீர்கள்.
மேலதிக நேரப் பணம் என்பார் ஒருவர்,
நுவரெலியாச் சுற்றுலாவின் பஸ் கணக்கு என்பார் இன்னொருவர்.
எனக்குத் தெரிந்தது, கேத்தல் இரண்டானது.
அமலநாயகத்தின் கேத்தல் ஜன்னலோரம்,
பௌசுலின் கேத்தல் படிக்கட்டடியில்.
நான் வீட்டிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தேன்.
அதுவும் ஒரு பக்கம்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

“அறிக்கையில உட்பூசல் எண்டு போட்டிடாதேங்கோ அக்கா,
சந்தி சிரிக்கும்.”
ஆமர் வீதிச் சந்தி ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது.
வடைக்கடை ஜெயசீலி கேட்டாள்,
“உங்கட ஆக்களுக்குள்ள குத்துவெட்டாமே?”
எங்கட ஆக்கள்.
போன மாதம்வரை எல்லாரும் அதற்குள் இருந்தார்கள்.

நேற்று பன்னிரண்டு தாண்டிக் கடைசிப் பக்கம் வந்தது.
ஏதோ ஒரு கட்சி, வழமையான செய்தி.
புதிதாகச் சேர்ந்த நிலோஜினி
‘உள்பூசல்’ என்று அடித்திருந்தாள்.

சிவப்புப் பேனையை எடுத்தேன்.
ள் அப்படியே நிற்கக்கூடாது.
நாக்கின் ஓரம் வழியே காற்றுக்கு வழிவிடும் எழுத்து;
பூசல் பக்கத்தில் வந்தால்
மேலே முட்டி, வழியை அடைத்து
ட் ஆகிவிட வேண்டும்.
இலக்கணம் அதுதான்.
உள்ளே என்ற சொல்லுக்கே முதலில் அடி விழும்
என்று எந்த இலக்கணத்திலும் எழுதியிருக்கவில்லை.

படிக்கட்டடியில் பௌசுல் இருமினான். விடாமல் இருமினான்.
ஜன்னலோரம் அமலநாயகம் நிமிர்ந்தான்,
கேத்தலைப் பார்த்தான்,
திரும்பக் குனிந்துகொண்டான்.

பேனையை மூடிவிட்டு
பக்கத்தைக் கீழே அனுப்பினேன்.
விடிந்ததும் ஆசிரியர் எடுப்பார்,
சந்திப் பிழை என்பார்.
ஓம் ஐயா,
கண்டனான் என்பேன்.