இருநூற்றுப் பதினெட்டுப் பாகை

முந்திய இரவு மழையில்
அன்டெனாவின் மோட்டார் எரிந்துபோனது.
ஆகவே நான்.

வலைப்பந்து மைதானத்தில் என் தோள்களைக் கண்டவர்கள்
என்னை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்,
நீர்த்தாங்கிக்கும் காகங்களுக்கும் நடுவே
ஓர் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்து நிற்க.
அதன் நுனியில்
தின்று முடித்த மீனின் முள் போல ஒன்று
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேள்வி கேட்கப் பன்னிரண்டு பேர்.
கீழே மண்டபத்தில், கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில்,
கையில் இலக்கமிட்ட அட்டைகளோடு.
என் கேள்வி முதற்சுற்றிலேயே விழுந்தது.
"இது விஞ்ஞானமில்லையே பிள்ளை" என்றார் மிஸ்.
கோபமில்லை.
கொஞ்சம் இருந்தது.

வெள்ளவத்தைக் கடல் அன்று சாம்பல்.
பாணந்துறை ரயில் கத்திக்கொண்டு கடந்ததும்
கேஷினி தொலைபேசியைப் பார்த்துக் கத்தினாள்:
"இருநூற்றுப் பதினெட்டு! ஏற்றம் மூன்று!"
கடலின் தென்மேற்கு மூலையைக் குறிவைத்தேன்.
அங்கே ஒரு படகு. படகுக்கு மேல் முகில்.
முகிலுக்கு மேல் என்ன இருக்கிறதென்று
கேஷினியின் தொலைபேசிக்குத்தான் தெரியும்.

ஒலிபெருக்கியில் இரைச்சல்,
கொதியெண்ணெயில் அப்பளம் விழுந்தது போல.
அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல்,
அடுத்த மாடியிலிருந்து உப்புக் கேட்பவள் மாதிரி,
கொழும்பு, உங்களைக் கேட்கிறேன் என்றது ஆங்கிலத்தில்.
குழாய் நடுங்கியது.
இல்லை, நான்தான்.

ஹஸ்னா கேட்டாள்: அங்கே கண்ணீர் எப்படி வடியும்? ஓவர்.
வடியாது. கண்ணிலேயே குமிழாய்க் குந்தியிருக்கும். ஓவர்.
நான் சுழற்றினேன். இருநூற்றைம்பது. இருநூற்றெழுபது.
துரு உள்ளங்கையில் கோடு கீறியது.
ஒரு காகம் முள்ளில் உட்காரப் பார்த்தது,
கேஷினி செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

முந்நூற்றெட்டு, ஏற்றம் அறுபத்தொன்று.
ஏழாவதாய் அபிரா ஒலிவாங்கியை அழுத்திய அதே நொடி
ஒழுங்கைக்குள் நுழைந்தது பாண் ஓட்டோ,
ஊருக்கே மனப்பாடமான அந்த மெட்டோடு.
மெட்டு சன்னலேறியது, ஒலிவாங்கியேறியது,
கம்பி வழியே மாடிக்கு வந்து
என் தோள் காட்டிய திசையில் போனது.

மேலே ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு:
"அது என்ன இசை? ஓவர்."

அதற்கு ஒத்திகை பார்த்த பதில் எவரிடமும் இல்லை.
அபிரா அட்டையைக் கீழே போட்டாள்.
"பாண். மாலுபாண். சீனிபணிஸ்.
வீட்டு வாசலுக்கே வரும். ஓவர்."
விண்வெளியில் ஒருத்தி சிரித்தாள், நெடுநேரம்.
இங்கே பாண் கிடையாது என்றாள்,
துகள் பறந்து எல்லா இடமும் புகுந்துவிடுமாம்.
எப்படி மணக்கும் என்று கேட்டாள்.
எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது பேர் ஒரே நேரத்தில்
பதில் சொன்னார்கள்.

பதினோராம் கேள்வியும் பன்னிரண்டாம் கேள்வியும்
அதில் கரைந்தன.
நாற்பத்தோராம் பாகையில், மருதானைக்கும் அப்பால் எங்கோ
குரல் நூலாகி அறுந்தது.
பன்னிரண்டாம் இலக்கத்துச் சஞ்சுதா
அட்டையை நான்காய் மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தாளாம்.
பிறகு கேள்விப்பட்டேன்.
அப்போது நான் இன்னும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
"போயிட்டுது, விடடி" என்று
கேஷினி மூன்று தரம் சொன்னாள்.

வாசலில் பாண்காரர் நின்றார்.
உங்கள் மெட்டு மேலே போய்விட்டது என்றேன், என் அரைகுறைச் சிங்களத்தில்.
மாலுபாணைத் தாளில் சுற்றியபடி அண்ணாந்து பார்த்தார்.
"அங்கே கடன் கொடுப்பதில்லை என்று சொல்லு."

என் கேள்வி இதுதான், இனிச் சொல்லலாம்:
ஒன்றையும் பிடிக்காதபோது
உங்கள் கைகள் எங்கே இருக்கும்?

இரவு சமையலறை வாசலில் நின்று
கைகளைத் தொங்கவிட்டேன்.
தொங்கவில்லை.
யாரும் தூக்காமலே விலாவை விட்டு மெல்ல எழும்பி
அந்தரத்தில் சற்று நின்றன,
துருக்கோட்டோடு, எனக்குச் சொந்தமில்லாதவை போல.

"என்னடி, பறக்கப் பாக்கிறியா?" என்றாள் அம்மா.
"சோறு ஆறுது."