நாய்கள் நீந்திய சனிக்கிழமை

செப்டம்பர் இரண்டாம் சனி.
குளோரின் நிறுத்தி ஐந்து நாள்.
மனிதர்களுக்கு அனுமதியில்லை என்று
என் கோணல் கையெழுத்தில் ஓர் அட்டை.

ஒஹாயோவில், நெடுஞ்சாலை மறந்துவிட்ட
எங்கள் முந்நூற்றுப் பத்து வீடுகளுக்கு
இருந்ததே மூன்று:
வலை கிழிந்த டென்னிஸ் திடல்,
சங்கிலி மட்டும் தொங்கும் ஊஞ்சல்,
இந்தக் குளம்.
வீட்டுக்கு நாற்பத்தோரு டாலர் வரி கேட்டோம்.
பதினொரு வாக்கில் தோற்றோம்.
வசந்தத்தில் மண் கொட்டி மேலே புல் பதிப்பார்களாம்.
அதற்குப் பெயர் பசுமைவெளி.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன்.
மர்லீன் ஸ்டோபாவின் இரண்டு லாப்ரடார்கள்
படி எதற்கென்று கேட்காமல் பாய்ந்தன.
ஒரு பூடில் கரையில் நின்று
தண்ணீரை அதட்டிக்கொண்டே இருந்தது.
உயிர்காப்பாளன் டேரினுக்குப் பதினேழு வயது.
ஓடாதே என்று பழக்கதோஷத்தில் விசில் ஊதினான்.
ஒரு நாயும் மதிக்கவில்லை.
பிள்ளைகள் மட்டும் மதித்தார்களா என்ன.

பதினொன்றரைக்கு வால்ட் ஹெஸ்கெட் வந்தார்.
தன் புல்வெளியில் முதன்முதலாக
'வேண்டாம்' பலகை நட்டவர்.
பன்னிரண்டு கோடையில் ஒருநாள்கூட
இந்த வாசலை மிதிக்காதவர்.
கைகளில் ஒரு கிழட்டு வேட்டைநாய்,
அரை மூட்டை மாவு போல.
பின்னங்கால் இரண்டும் போய்விட்டது என்றார்,
என்னிடம் அல்ல, காற்றிடம்.

இரண்டு டாலர் என்றேன்.
ஐந்தை நீட்டினார்.
மேசையறையில் சில்லறை கிடக்க
இல்லை என்றேன்.

ஷூவைக் கழற்றவில்லை.
ஆழமில்லாத பக்கம் பேண்டோடு இறங்கி
இடுப்பளவு வந்ததும்
கைகளை மெல்லத் தாழ்த்தினார்.
நாய் முதலில் அவர் முகத்தைப் பார்த்தது.
பிறகு
தண்ணீருக்கடியில்
போய்விட்ட கால்கள் இரண்டும்
நடக்கத் தொடங்கின.

டேரின் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
வடிகட்டியில் ஏதோ சத்தம் கேட்டவள் மாதிரி
நான் அந்தப் பக்கம் போனேன்.

மூன்று மணிக்கு எல்லோரையும் அனுப்பினேன்.
கார் இருக்கையில் துண்டை விரித்துக்கொண்டே
அடுத்த சனி உண்டா என்றார்.
பதில் சொல்லவில்லை. பூட்டினேன்.
மன்னித்தேன் என்று எழுதினால் பொய்.

வடிகட்டியில் ஒரு வாளி முடி இருந்தது,
கறுப்பு, செம்பட்டை, நரை.
திங்களன்று குளத்தை வடிக்கச் சொல்லி
நகர அலுவலகத்திலிருந்து கடிதம்.

இன்று புதன்.